முந்நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள்

“வெட்டினது பிளேடு. வெட்டினவங்களுக்குக் கை கொஞ்சம்கூட நடுங்கலை,” என்றாள் அண்ணி.

அந்த மருந்தியல் கல்லூரியின் நூலகத்தில் காலை பத்தரை மணிக்கே மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டியிருந்தது. வாசிப்பு அறையை ஒட்டிக் கழிவறை. அதன் குழாய் உடைந்து, தண்ணீர் சுவரில் ஊறி, அலமாரிகளின் அடித்தட்டு வரை பாசி ஏறியிருந்தது. மேஜையில் கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. அண்ணி கைக்குட்டையை விரித்து அதன் மேல் ஒரு தடித்த பைண்டு புத்தகத்தை வைத்திருந்தாள். இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய மருத்துவ இதழ் ஒன்றின் தொகுதி. பக்கம் 106-க்கு அடுத்து 109. நடுவே இருந்த தாள், தையலை ஒட்டி ஒரு விரல் அகலம் மட்டும் விட்டுவிட்டு, நேர்க்கோட்டில் அறுக்கப்பட்டிருந்தது.

“பார்த்தவுடனே பிளேடுன்னு சொல்லிட்டீங்க. வெட்டினவர் காலையில பல் தேய்ச்சாரா இல்லையான்னும் சொல்லிடுங்க அண்ணி, வீட்டுக்குப் போயிடலாம்,” என்றான் ரெப்.

அண்ணியின் கணவருக்குத் தம்பி அவன். பன்னிரண்டு வருஷம் மருந்து கம்பெனியின் பிரதிநிதியாக டாக்டர்களின் வாசலில் காத்துக் கிடந்தவன். வேலையை விட்ட பிறகும் ‘ரெப்’ என்ற பெயர் அவனை விடவில்லை. அண்ணி பத்தொன்பது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைப் பிரித்து மேய்ந்தவள். பிறகு சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். ரெப் ‘அண்ணி’ என்று கூப்பிடப் போய், வருகிற கட்சிக்காரர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்த இன்ஸ்பெக்டர்களும் கூப்பிட்டார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்த மாணவிக்கு அழுது முடித்த முகம். கடைசி வருஷம். ஆய்வுக் கட்டுரைக்கு அவள் எடுத்துக்கொண்ட விஷயம் ஒரே ஒரு மருந்து: சீழ் வடிகிற காதில் விடும் சொட்டு மருந்து. அவளுடைய அக்கா மகனுக்கு இரண்டு வயதில் அதை விட்டார்கள். சீழ் நின்றது. அதோடு காது கேட்பதும் நின்றது. இப்போது அவனுக்கு ஆறு வயது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில். மருந்து பத்திரமானது, முந்நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளுக்குக் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள், ஒரு குறையும் இல்லை. சரி, அந்த ஆராய்ச்சியை என் கண்ணால் பார்க்கிறேன் என்று கிளம்பினாள் மாணவி. அந்தக் காலத்து விளம்பர நோட்டீஸைத் தேடிப் போனபோதுதான், அதைக் காட்டி மருந்தை விற்ற ரெப் அவளுக்குப் பழக்கமானான்.

கடைசியில் மூலக் கட்டுரை இருந்த இதழின் தொகுதியை இந்த நூலகத்திலேயே கண்டுபிடித்துத் திறந்தால், உள்ளே அந்தத் தாள் இல்லை.

“தாள் இல்லைன்னு நூலகர் சார்கிட்டப் போய்ச் சொன்னதே நான்தான் அண்ணி,” என்றாள் மாணவி. “மறுநாள் எனக்கே நோட்டீஸ் வருது. தாளை வெட்டினது நான்தானாம். ‘மூலத்தை யாருமே பார்க்கலை’ன்னு என் கட்டுரையில எழுதியிருந்தேன். அது நிஜமாகணும்னு மூலத்தையே அழிச்சுட்டேனாம்.”

விசாரணை அன்று மாலை மூன்று மணிக்கு. முடிவு ஏற்கெனவே டைப் அடித்து வைக்கப்பட்டிருப்பதாகக் கல்லூரி முழுக்கப் பேச்சு. கல்லூரியை விட்டு நீக்கம்.

அண்ணி புத்தகத்தை வெளிச்சத்தில் சாய்த்தாள்.

“தம்பி, இந்த மிச்ச விளிம்பைப் பாரு.”

ரெப் குனிந்தான். அறுபட்ட விளிம்பு முழுக்க, பூச்சி அரித்துச் சின்னச் சின்ன அலைகளாக இருந்தது.

“பூச்சி கடிச்சிருக்கு. இந்த நூலகத்துல பூச்சி கடிக்காத ஒரே பொருள் அந்த மின்விசிறிதான்.”

“கடிச்சது முதல்ல, வெட்டினது பிறகுன்னா பிளேடு அந்தக் கடியையும் சேர்த்து நேரா அறுத்திருக்கும். இங்க வெட்டின கோட்டையே பூச்சி கடிச்சிருக்கு. வெட்டின பிறகுதான் சாப்பிட உட்கார்ந்திருக்கு. இந்தப் பொண்ணு போன வாரம் வெட்டியிருந்தா, ஒரு வாரத்துல இவ்வளவு சாப்பிடுமா?”

“ஹாஸ்டல் பூச்சியா இருந்தா சாப்பிடும்.”

பக்கத்தில் நின்ற நூலகர் சிரிக்கவில்லை. மெலிந்த மனிதர், கையில் அழுக்குத் துணி. “இது பல வருஷத்துக் கடிங்க,” என்றார் மெதுவாக. “எனக்கு அப்பவே தெரியும். தாள் காணோம்னு மேலிடத்துக்கு எழுதினேன். அவ்வளவுதான் நான் செஞ்சது. ஒரு மணி நேரத்துல இந்தப் பொண்ணு மேல நடவடிக்கைன்னு பதில் வந்துடுச்சு.”

அண்ணி நிமிர்ந்தாள். “ஒரு மணி நேரமா? பக்கத்துக் கழிவறைக் குழாய் உடைஞ்சிருக்குன்னு எப்ப எழுதினீங்க?”

“எட்டு மாசம் ஆச்சுங்க.”

“ம்,” என்றாள் அண்ணி. அவள் ‘ம்’ என்றால் எதையோ மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள் என்று அர்த்தம்.

மாணவி தன் ஃபைலைத் திறந்தாள். அந்த ஆராய்ச்சியை மேற்கோள் காட்டிய பதினோரு கட்டுரைகளின் நகல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வரிக்குச் சிவப்பில் கோடு போட்டிருந்தாள்.

“இதழோட பொருளடக்கத்துல, கட்டுரை பக்கம் 107, 108-னு இருக்கு. ஒரே தாள், ரெண்டு பக்கம். ஆனா இவங்க பதினோரு பேரும் ‘107-106’னு போட்டிருக்காங்க.”

ரெப் வாய்விட்டுச் சிரித்தான். “பதினோரு பேரும் பின்பக்கமா நடந்தே படிச்சிருக்காங்க!”

“ஒருத்தர் பிழையை மத்தவங்க அப்படியே காப்பி அடிச்சிருக்காங்க அங்கிள். முதல்ல இந்தப் பிழை வந்தது எங்க புரொபசரோட பாடப்புத்தகத்துல. இருபது வருஷம் முந்தி. அவர்தான் என் கட்டுரைக்கு வழிகாட்டி. மூலத்தைப் பார்க்கணும்னு கேட்டப்ப, ‘நான் எழுதியிருக்கேன்ல, அதைப் போட்டுக்கோ’ன்னார்.”

பதினோரு படித்த மனிதர்கள். ஒருத்தருக்குக்கூட 107-க்குப் பிறகு 106 எப்படி வரும் என்று தோன்றவில்லை. அண்ணி அந்தத் தாள்களை விரல் நுனியால் தள்ளி வைத்தாள், எச்சில் தட்டைத் தள்ளுவது போல.

“பூச்சி உன்னைக் காப்பாத்திடும் பொண்ணு. ஆனா அந்தத் தாள்ல என்ன இருந்ததுன்னு தெரியணும். வா, உன் வழிகாட்டி வழி காட்டறாரான்னு பார்ப்போம்.”

*

பேராசிரியர் தன் அறையில் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். கீழே விரித்திருந்தது யாரோ ஒரு மாணவனின் விடைத்தாள்.

“விசாரணைக்கு முன்னாடி வெளியாள்கிட்டப் பேசக் கூடாதுங்க,” என்றார், வெட்டுவதை நிறுத்தாமல்.

“ஒரே கேள்விதான். முந்நூத்திப் பன்னெண்டு குழந்தைங்க ஆராய்ச்சியை நீங்க மூலத்துல படிச்சீங்களா சார்?” என்று கேட்டாள் அண்ணி.

“என்னங்க கேள்வி இது? என் புத்தகம் நாலு பதிப்பு வந்தாச்சு.”

“அது பதில் இல்லையே.”

“படிச்சேன். வரிக்கு வரி.”

“பெரிய கட்டுரையா?”

“அத்தனை குழந்தைங்க, சின்னதா இருக்குமா? இருபது பக்கம் இருக்கும்.”

அண்ணி செல்போனில் எடுத்திருந்த பொருளடக்கத்தின் படத்தை அவர் முன் நீட்டினாள். “ரெண்டே பக்கம்.”

“மிச்சம் பதினெட்டும் சார் தூக்கத்துல படிச்சது,” என்றான் ரெப்.

நகவெட்டி நின்றது. பேராசிரியர் முகம் சிவந்து, பிறகு வழக்கத்துக்குத் திரும்பியது. வெட்கம் அங்கே ரொம்ப நேரம் தங்குவதில்லை போலும்.

“எல்லாரும் செய்யறதுதாங்க. நம்ம துறையோட பழைய ஆய்வேடு ஒண்ணுல இருந்தது. நம்பகமானது. தங்கப் பதக்கம் வாங்கினது. அதுல இருந்து எடுத்தேன்.”

“யாரோட ஆய்வேடு?”

“ஞாபகம் இல்லை.”

“பதக்கம் ஞாபகம் இருக்கு. வாங்கினவங்க ஞாபகம் இல்லை?”

அவர் சாத்தியிருந்த கதவை ஒரு தடவை பார்த்தார். “ஞாபகம் இல்லைன்னு சொன்னேன்ல?” விடைத்தாளை மடித்து, நகத் துண்டுகளை மேஜை இழுப்பறைக்குள்ளேயே கொட்டி மூடினார்.

வெளியே வந்ததும் அண்ணி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கை கழுவினாள். அவரைத் தொடக்கூட இல்லை. இருந்தாலும் கழுவினாள்.

“மறந்தவர் முகம் இல்லை அது. பயந்தவர் முகம்,” என்றாள். “சரி, அந்தக் கட்டுரையை எழுதின டாக்டர் எங்க?”

“பேரை வச்சு ரொம்பத் தேடினேன் அண்ணி. எந்த ஆஸ்பத்திரிப் பட்டியல்லயும் இல்லை,” என்றாள் மாணவி.

ரெப் அப்போதுதான் செல்போனை வாங்கிப் பொருளடக்கத்தை உற்றுப் பார்த்தான். கட்டுரைத் தலைப்புக்கு எதிரே இருந்த பெயரைப் படித்ததும் அவன் முகத்தில் இருந்த சிரிப்பு யாரோ துடைத்தது போலப் போய்விட்டது.

“இவர் போர்டு வைக்காத டாக்டர் அண்ணி. சைக்கிள் கடைக்கு மேல கிளினிக். எனக்குத் தெரியும்.” செல்போனைத் திருப்பிக் கொடுத்தான். “பன்னெண்டு வருஷத்துல ஒரே ஒரு டாக்டர்தான் என் நோட்டீஸைக் கிழிச்சு மூஞ்சியில எறிஞ்சார். முந்நூத்திப் பன்னெண்டு குழந்தைங்கன்னு நான் ஆரம்பிச்சதுமே எழுந்துட்டார். பைத்தியக்காரர்னு நினைச்சேன். நோட்டீஸ்ல எழுதினவர் பேரே இல்லை. அவரோட ஆராய்ச்சியை அவர்கிட்டயே போய் ஒப்பிச்சிருக்கேன்.”

*

சைக்கிள் கடையின் மாடிப்படியில் கிரீஸ் நாற்றம். மேலே ஒரு அறை, ஒரு பெஞ்சு, சுத்தமான வெள்ளைத் திரை. காதைப் பிடித்துக்கொண்டு அழுத ஒரு பெண் குழந்தையை அனுப்பிவிட்டு, எழுபது வயது டாக்டர் கை கழுவிக்கொண்டே திரும்பினார். ரெப்பைப் பார்த்ததும் கண்கள் சுருங்கின.

“நீயா? மறுபடியும் நோட்டீஸா?”

“இல்லை டாக்டர்,” என்றான் ரெப்.

மாணவிதான் பேசினாள். அக்கா மகனைப் பற்றி, வெட்டப்பட்ட தாளைப் பற்றி, மூன்று மணி விசாரணையைப் பற்றி. டாக்டர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு காகித உறையை எடுத்தார். கட்டுரை வந்தபோது இதழ்க்காரர்கள் அவருக்கென்று தனியாக அச்சிட்டுக் கொடுத்த பிரதி. ஒரே தாள், இரண்டு பக்கம்.

“முந்நூத்திப் பன்னெண்டா!” என்றார். “அத்தனை குழந்தைங்களை நான் என் வாழ்நாள்லயே அந்த மருந்துக்குச் சேர்க்கலை. இந்தா, நீயே படி.”

பக்கம் 108. சின்ன அட்டவணை. சீழ் நின்றது: அனைவருக்கும். ஆராயப்பட்ட குழந்தைகள்: 31. அந்த முப்பத்தொன்றின் தோளில், எறும்பு அளவுக்கு ஒரு குட்டி 2.

மாணவி மூச்சை இழுத்தாள். “இந்த ரெண்டு குழந்தைங்க கணக்குல சேராது. அடிக்குறிப்பு எண். முப்பத்தொண்ணு பேர், கீழே ரெண்டாவது குறிப்பைப் பாருன்னு அர்த்தம்!”

பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அந்தக் குறிப்பு இருந்தது. அண்ணி அதை உரக்கப் படித்தாள்.

“இவர்களில் ஒன்பது குழந்தைகளுக்குச் செவித்திறன் குறைந்ததால் ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. செவிப்பறையில் துளை இருப்பவர்களுக்கு இம்மருந்தைத் தரக் கூடாது.”

கீழே கடையில் யாரோ சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

“பத்திரமானதுன்னு சொல்ல எல்லாரும் காட்டின ஆராய்ச்சி, ஆபத்தானதுன்னு சொன்ன ஆராய்ச்சி,” என்றாள் அண்ணி. தாளைக் கீழே வைத்துவிட்டு டாக்டரை நேராகப் பார்த்தாள். “ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. ஒன்பது குழந்தைங்களோட காது போனதை ஏன் சார் பொடி எழுத்துல, அடியில போட்டீங்க?”

டாக்டர் துண்டை மடித்தார். மடித்ததையே மறுபடியும் பிரித்து மடித்தார்.

“மருந்து கொடுத்தது கம்பெனி. இதழுக்கு விளம்பரம் கொடுத்ததும் அவங்கதான். கட்டுரையே வராதுன்னாங்க. அடிக்குறிப்பாப் போட்டா வரும்னாங்க. சரின்னுட்டேன். எனக்கு அன்னைக்கு அவ்வளவு தைரியம்தான் இருந்தது. பிறகு எத்தனையோ கடிதம் எழுதினேன், ஒருத்தரும் போடலை. ஆனா முதல் தப்பு என்னோடதுதாம்மா. நான் அதை மேல எழுதியிருக்கணும்.”

பிரதியை மாணவியின் கையில் கொடுத்து, அதன் ஓரத்தில் இது தன்னுடையதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

படியிறங்கும்போது ரெப் சொன்னான்: “யாரோ சோம்பேறி குட்டி ரெண்டைப் பெரிய ரெண்டாப் படிச்சுட்டான். அவ்வளவுதானா அண்ணி? ஒரு அச்சுப்பிழை மாதிரி. அதுக்கா இத்தனை காது?”

“சோம்பேறி பிளேடு எடுக்க மாட்டான் தம்பி,” என்றாள் அண்ணி.

*

இரண்டு மணிக்கு நூலகர் ஆய்வேடுகள் அறையைத் திறந்தார். உள்ளே நாற்றம் இன்னும் மோசம். ஈரம் குடித்துப் புடைத்த காகிதம், செத்த பல்லி, அடுக்கி வைத்த பட்டங்கள்.

“எப்படித் தேடறது?” என்றான் ரெப். “இங்க ஆயிரம் இருக்கும்.”

“ஆயிரம் வேண்டாம் அங்கிள். இதழ் வந்தது இருபத்தெட்டு வருஷம் முந்தி. பாடப்புத்தகம் வந்தது இருபது வருஷம் முந்தி. நடுவுல எட்டு வருஷம். அதுல காதைப் பத்தினது. அதுலயும் பதக்கம் வாங்கினது.” மாணவி பதிவேட்டில் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். “ஒண்ணே ஒண்ணுதான்.”

நூலகர் அதை உருவிக் கொடுத்தார். நீல அட்டை. இருபத்தாறு வருஷம் பழசு. அண்ணி பின்னிணைப்பிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள், எப்போதும் போல. மூன்றாவது பின்னிணைப்பில் கை நின்றது.

‘மூலக் கட்டுரையின் முடிவுப் பக்கம்’ என்ற தலைப்பின் கீழ், ஒரு அச்சிட்ட தாள் பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது. நகல் இல்லை. அசல். பக்கம் 108. வலது ஓரம் பிளேடால் அறுத்த நேர்க்கோடு. பசை பழுத்து, தேன் நிறத்தில் கசிந்து, அதில் பூச்சிகள் ஒட்டிச் செத்திருந்தன.

நூலகர் ஓடிப்போய் அந்தத் தொகுதியைக் கொண்டு வந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்ததும், மிச்ச விளிம்பில் பாதியோடு நின்ற ஒரு அச்சு மைக்கறையின் மறு பாதி ஒட்டின தாளில் தெரிந்தது.

“தாள் உயரம் குறையுது,” என்றாள் மாணவி. டாக்டர் கொடுத்த பிரதியை மேலே வைத்துப் பார்த்தாள். கீழே மூன்று விரல் அகலம் இல்லை. அடிக்குறிப்பு இருந்த இடம் கத்தரிக்கப்பட்டிருந்தது. அட்டவணையில் 312 என்று தெளிவாக இருந்தது. அந்தக் குட்டி 2 மேல் யாரோ கறுப்பு மையால் வரைந்து, அதை முப்பத்தொன்றின் உயரத்துக்கு வளர்த்திருந்தார்கள்.

படிக்கத் தெரியாமல் வந்த பிழை இல்லை. நன்றாகப் படித்துப் புரிந்துகொண்டு, எதை வெட்ட வேண்டும், எதை வளர்க்க வேண்டும் என்று தெரிந்து செய்த வேலை.

“வெட்டினதைத் தன் ஆய்வேட்டுலயே ஒட்டி வைப்பாங்களா?” என்றான் ரெப்.

“அங்கதான் மூளை. கையிலேயே மூலப் பக்கம் இருந்தா, பரீட்சகர் புத்தகத்தைத் தேடிப் போவாரா? போனாலும் அங்க தாள் இருக்காது.” அண்ணி ஆய்வேட்டைக் கைக்குட்டையால் பிடித்து மாணவி பக்கம் தள்ளினாள். “பேரைப் படி பொண்ணு.”

மாணவி முதல் பக்கத்தைத் திருப்பினாள். படித்தாள். நூலகர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, அழுக்கு ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“இது நம்ம முதல்வர் அம்மா,” என்றார். “மூணு மணிக்கு விசாரிக்கப் போறதே அவங்கதானே.”

*

முதல்வர் அறையில் நாற்றம் இல்லை. குளிர்சாதனம், பூ வாசனை தெளிப்பான், கண்ணாடி மேஜை. நடுவில் முதல்வர், ஒரு பக்கம் பேராசிரியர், மறு பக்கம் புகார் எழுதினவர் என்ற முறையில் நூலகர். முதல்வருக்கு ஐம்பது வயதுக்குள். கசங்காத ஆடை, கசங்காத குரல்.

“துணைக்கு வந்தவங்க பேசக் கூடாது,” என்றார். “நீ ஏதாவது சொல்றதுக்கு இருக்கா?”

“இருக்கு மேடம்,” என்றாள் மாணவி. அண்ணி பேசட்டுமா என்று கேட்டபோது அவள்தான் வேண்டாம் என்றிருந்தாள். தொகுதியை வைத்தாள். டாக்டரின் பிரதியை வைத்தாள். மூன்றாவதாக நீல அட்டை ஆய்வேட்டை, மூன்றாம் பின்னிணைப்பைத் திறந்து வைத்தாள்.

பேராசிரியர் நீல அட்டையைப் பார்த்ததுமே நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“நான் வெட்டலை மேடம். வெட்டினது இருபத்தாறு வருஷம் முந்தி. அதுக்கு மூணு வருஷம் கழிச்சுதான் நான் பிறந்தேன்.”

முதல்வர் மூன்றையும் நிதானமாகப் பார்த்தார். கோபப்படுவார், மறுப்பார், அழக்கூடச் செய்வார் என்று ரெப் நினைத்திருந்தான். அவர் பெருமூச்சு விட்டார், கூட்டம் தாமதமானதற்கு விடுவது போல.

“எனக்கு அப்ப இருபத்திமூணு வயசு. முப்பத்தொண்ணு பேரை வச்சுப் பதக்கம் கிடைக்காது. ஒரு சின்னப் பொண்ணு செஞ்ச தப்பு அது. இப்ப அதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்?”

“அதை ஆதாரமாக் காட்டித்தான் இன்னிக்கும் அந்த மருந்தை எழுதறாங்க மேடம்.”

“எழுதறவங்க மூலத்தைப் படிச்சுப் பார்த்திருக்கணும். அது அவங்க பொறுப்பு.”

வெட்டி எடுத்தவள் சொன்ன வார்த்தை அது. ரெப்புக்குக் கை பரபரத்தது. அண்ணி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதல்வர் முன்னால் சாய்ந்தார். குரலில் இப்போது கனிவு. “நீ கெட்டிக்காரி. இந்த விசாரணையை இப்பவே முடிச்சிடறேன். உன் கட்டுரைக்கு முதல் மதிப்பெண். மேல் படிப்புக்கு நானே சிபாரிசு எழுதறேன். இந்த ஆய்வேட்டைப் பத்தி நீ எழுதப்போற ஒரு பத்தியை மட்டும் விட்டுடு. மிச்சம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒரே பத்தி.”

பேராசிரியர் வேகமாகத் தலையாட்டினார். “நல்ல யோசனைம்மா. ஒத்துக்கோ.”

மாணவி அவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். காலையிலிருந்து அழுத முகத்தில் இப்போது அழுகை இல்லை. சாப்பாட்டில் புழுவைக் கண்டவளின் முகம் அது.

“உங்களுக்கு அருவருப்பாவே இல்லையா மேடம்?”

முதல்வர் பேராசிரியரைத் திரும்பிப் பார்த்தார். கேள்வியே அவருக்குப் புரியவில்லை என்றுதான் அண்ணிக்குத் தோன்றியது.

“பேரத்துக்கு நேரம் தாண்டிடுச்சு,” என்றாள் அண்ணி, பேசக் கூடாது என்ற விதியை மீறி. “மூணையும் படம் எடுத்து, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு ரெண்டரை மணிக்கே அனுப்பியாச்சு. டாக்டர் ஓரத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டதும் அதுல இருக்கு.”

முதல்வர் முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. சட்டென்று எழுந்தார். ஆய்வேட்டை மூடி, மார்போடு அணைத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். படம் யாரும் எடுக்கலாம், எடுத்ததை மறுக்கவும் செய்யலாம். அசல் தாள் உலகத்திலேயே அந்த ஒரு இடத்தில்தான் இருந்தது.

நூலகர் எழுந்து கதவுக்குக் குறுக்கே நின்றார்.

“நகருங்க,” என்றார் முதல்வர்.

“மன்னிக்கணும் மேடம்,” என்றார் நூலகர். “அது ரெஃபரன்ஸ் பிரதி. நூலகத்துக்கு வெளிய யாருக்கும் கொடுக்கறதில்லை.”

நூலகர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டே நின்றார். கடைசியில் முதல்வர் ஆய்வேட்டை அந்தக் கைகளில் வைத்தார். நூலகர் அதை வாங்கி, தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, விசாரணைத் தாளில் தான் எழுதிய புகாரின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டு, கீழே எழுதினார்: ‘காணாமல் போன தாள் கிடைத்துவிட்டது. கிடைத்த இடம்: முதல்வரின் ஆய்வேடு.’

*

வாசலில் வெயில் இன்னும் இறங்கவில்லை. அண்ணி குழாயடியில் முழங்கை வரை கழுவிக்கொண்டிருந்தாள். ரெப் மதிற்சுவரில் சாய்ந்து நின்றான். சைக்கிள் கடை மாடிப்படி இறங்கியதிலிருந்து ஒரு ஜோக் கூட அவன் வாயிலிருந்து வரவில்லை.

“பன்னெண்டு வருஷம்,” என்றான். “அந்த ஒரு மருந்துக்கு மட்டும் நூத்திநாப்பது டாக்டரையாவது பார்த்திருப்பேன். ஒருத்தராவது ‘எங்கப்பா அந்த ஆராய்ச்சி, காட்டு’ன்னு கேக்கலை. நானும் கம்பெனியைக் கேக்கலை.”

மாணவி ஃபைலிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை உருவி மதிற்சுவர் மேல் வைத்தாள்.

“எந்தெந்த டாக்டர்? சொல்லுங்க அங்கிள். தெரு, வருஷம், எத்தனை தடவை போனீங்க. எல்லாம் வேணும்.”

“ஞாபகத்துல இருந்து சொல்றதை நம்புவியா? அதுவும் நான் சொல்றதை?”

“நம்ப மாட்டேன்,” என்றாள் அவள், பேனா மூடியைக் கழற்றி. “ஒவ்வொரு இடமா நேர்ல போய்ச் சரிபார்க்கணும். நீங்களும் வரணும்.”

ரெப் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். “முதல் கிளினிக் ரெண்டு தெரு தள்ளி,” என்றான். “நாலு மணிக்குத் திறப்பார். இப்ப கிளம்பினா சரியா இருக்கும்.”